நாய் இனத்தரக் கண்காட்சி

நாய்களை அவற்றின் இனத்துக்குரிய அளவுகோலுடன் ஒப்பிட்டு மதிப்பிடும் போட்டி. இந்திய கென்னல் கிளப் விதிகளின்படி கோயம்புத்தூரிலும், கோடைக்காலத்தில் உதகமண்டலத்திலும் நடைபெறுகிறது. தலையமைப்பு, பல்வரிசை, எலும்புக்கட்டு, நடை, குணம் ஆகியவற்றை நடுவர் தொட்டும் நடக்கவிட்டும் ஆராய்வார். சொந்த நாயின் குறை வளர்ப்பவர் கண்ணுக்கு எளிதில் படாது; எனவே பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் இணைசேர்க்கும் முன் இத்தகைய நடுநிலைத் தீர்ப்பை நாடுகின்றனர். பொருத்தமான இணையைக் கண்டறியவும் இக்களம் உதவுகிறது. இராஜபாளையம் (2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது), சிப்பிப்பாறை முதலிய நாட்டினங்களின் இயல்புகள் நிலைக்க இத்தகைய மதிப்பீடு அவசியம். ஆயினும் பரிசு மட்டும் போதாது. வெள்ளை இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதால், குட்டிகளின் செவித்திறனையும் தனியே பரிசோதிப்பது வளர்ப்பாளரின் கடமை.