சிரப்புக்குள் வந்த நஞ்சு

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, கொழகொழப்பானது, நாக்கில் இனிப்பது. பிரேக் ஆயிலிலும் அச்சு மையிலும் அதற்கு வேலை உண்டு. மருந்தில் இல்லை. ஆனாலும் 1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சல்பனிலமைடு மருந்தைத் திரவமாக்க அதையே கரைப்பானாகச் சேர்த்தார்கள். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மறு ஆண்டே அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் வந்தது.

நஞ்சு நிற்கவில்லை. 1998இல் குர்கான், 2022இல் காம்பியா. சிரப்பில் சேர வேண்டிய புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்; விலையோ அதிகம். டிரம் கைமாறும்போது சரக்கு மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைத் தவிர்ப்பதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

2025இல் அந்த நஞ்சு புறப்பட்டது நம் ஊரிலிருந்து. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் இந்த நஞ்சு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதற்குள் புட்டிகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவை எட்டியிருந்தன; கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்தன.

உடலுக்குள் போனதும் கல்லீரல் இந்த நஞ்சை உடைக்கிறது. அப்போது உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொல்கிறது. சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த பிள்ளை ஓரிரு நாளில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும்; பிறகு சிறுநீர் நின்றுபோகும். காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரமாகவும் அது இருக்கலாம். 14 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சிறுநீர் மணிக்கு 7 மில்லிக்குக் கீழே பல மணி நேரம் நீடித்தால் அது அவசர நிலை. காலையிலிருந்து பிள்ளை ஒன்றுக்குப் போகவில்லை என்றாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குடித்த மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் பொட்டாசியம். அது மிக ஏறினால் இதயம் நின்றுவிடலாம். கால்சியம் குளுக்கோனேட் ஊசி சிறிது அவகாசம் தரும், டயாலிசிஸ்தான் காப்பாற்றும். சின்னக் குழந்தைக்கு வயிற்றின் வழியாகவே டயாலிசிஸ் செய்யலாம், பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து, அந்த அமிலம் உருவாகும் முன்பே கொடுத்தால் கல்லீரல் நஞ்சை உடைப்பதைத் தடுக்கும். 2022இல் இந்தோனேசியா இதேபோல் நஞ்சு கலந்த சிரப்பால் குழந்தைகளை இழந்துகொண்டிருந்தபோது, அந்த மருந்தை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் இருப்பில் அது இப்போதே இருக்க வேண்டும்.