‘சமாதானத்திற்கான அணு’: ஒரு சுலோகத்தின் வரலாற்றுப் பின்னணி

அணுசக்தியின் ஆக்கப் பயன்பாட்டையும் அழிவுப் பயன்பாட்டையும் முற்றிலும் வேறானவையாகக் கொள்ளும் போக்கு இன்றும் நிலவுகின்றது. ஆயின், இரண்டுக்குமான தொழினுட்பப் பாதை பெரும்பகுதி ஒன்றே என்பதை 1946 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்க அரசுக்கென எழுதப்பட்ட அச்செசன்-லிலியந்தால் அறிக்கை ஏற்றுக்கொண்டது. அவ்வாறிருந்தும், 1953 டிசெம்பரில் ஐசனோவர் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் ‘சமாதானத்திற்கான அணு’ எனும் சுலோகத்தை முன்வைத்தார். இச்சுலோகம் எத்தேவையின் விளைவு? சொற்களின் சமூகத் தளத்தை ஆராயும் நாம் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இவ்வகையிற் சைரஸ் அணுவுலையின் வரலாறு நோக்கத்தக்கது. 1950 சனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின் கீழேயே கனடா இதனை இந்தியாவுக்கு வழங்கியது. பாரநீரை ஐக்கிய அமெரிக்கா அளித்தது. சமாதான நோக்கங்களுக்கே பயன்படுத்தப்படும் என 1956 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கூறிற்று. எனினும் அதனை மேற்பார்வை செய்யும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. பம்பாயை அடுத்த திராம்பேயில் 1960 இல் இயங்கத் தொடங்கிய இந்த 40 மெகாவாற் உலை மின்னுற்பத்திக்குரியதன்று, ஆராய்ச்சிக்குரியது. இயற்கை யுரேனியம் அதனுள் எரிகையில் அதன் ஒரு பகுதி புளுட்டோனியமாக மாறும். அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் 1964 இல் அங்கு அமைந்தது. 1974 மே 18 இல் இராசத்தான் பாலைநிலத்துப் பொக்ரானில் வெடித்தது இவ்வுலையிற் பிறந்த புளுட்டோனியமே.

இந்தியா இதனைச் ‘சமாதான வெடிப்பு’ என்றது. மேற்குலகு இதைப் போலித்தனமெனக் கண்டித்தது. ஆனால் அச்சொல் இந்தியாவின் ஆக்கமன்று. ஐக்கிய அமெரிக்காவே 1957 முதல் இத்தகைய வெடிப்புகளுக்கெனத் தனித்திட்டம் வகுத்திருந்தது. 1968 இற் கைச்சாத்தான அணு ஆயுதப் பரவற்றடை உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரையும் அவற்றின் பயனை ஏனைய நாடுகளுக்கு வாக்களித்தது. அதே உடன்படிக்கை, 1967 சனவரி 1 இற்கு முன்னர் குண்டு வெடித்த நாடுகளை மாத்திரம் அணு ஆயுத அரசுகளாக அங்கீகரித்தது. முன்னர் கைப்பற்றியோரின் உடைமையைச் சட்டமாக்கும் இப்பண்பு வர்க்க சமுதாயத்தின் வரலாற்றில் நமக்குப் புதியதன்று.

இதனைக் கொண்டு இந்திய ஆளும் வர்க்கத்தின் குண்டை ஏகாதிபத்திய எதிர்ப்பாகக் கருதுதல் தவறாகும். 1998 மே மாதத்தில் இந்தியாவும், அம்மாத இறுதியிற் பாகித்தானும் நடத்திய வெடிப்புகள் இரு நாட்டு உழைக்கும் மக்களையும் ஒரே அச்சத்தின் கீழ்க் கொணர்ந்தன. பின்னர் நிகழ்ந்தது மேலும் சிந்தனைக்குரியது. 1974 ஆம் ஆண்டு வெடிப்பின் எதிர்விளைவாகத் தோன்றிய அணு வழங்குநர் குழுவே, 2008 இல் இந்தியாவுக்கு விதிவிலக்களித்து அணு வணிகத்தின் கதவைத் திறந்துவிட்டது. மாறியது அணுவின் இயல்பன்று; சந்தையினதும் இராணுவ அணிசேர்க்கையினதும் தேவையே.

எனவே, அணுவுலையொன்று சமாதானத்திற்குரியதா என்பதை அதன் பெயர்ப்பலகை கொண்டு தீர்மானித்தல் இயலாது. அதன் எரிபொருள் யார் கையில் உள்ளது, அதனைச் சோதிக்கும் உரிமை யாருக்குண்டு, சோதிப்போரைச் சோதிப்பவர் யார் என்பனவே நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்துடன் பேசுவோம் என்று அவ்வுடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரையில் வல்லரசுகள் அளித்த வாக்குறுதி நிறைவேறாதவரை இவ்வினாக்கள் வலுவிழக்கப்போவதில்லை.