ஏஜென்சிக்காரர் கையில் இருந்த கடதாசி

எங்கட ஊர்ப் பக்கம் "வெளிநாட்டுக்குப் போயிருக்கா" என்று சொன்னால் யாரும் லண்டனையோ கனடாவையோ நினைப்பதில்லை. சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். என்ன வேலை என்று கேட்பதும் இல்லை. பள்ளிவாசல்துறையிலும் கற்பிட்டிக் கரை நெடுகிலும் எத்தனை கல்வீடுகளின் அத்திவாரம் ஒரு உம்மாவின் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போடப்பட்டது என்பது அந்தந்த வீட்டாருக்குத் தெரியும். ஆனால் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையையும், 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதாவையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அங்கிருந்து வந்த ஒரு மனிதரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியாயிற்று. இங்கிருந்து போன பெண்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுவோம்.

வீட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதில் கடதாசி யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை. வெள்ளைக்காரன் காலத்தில், 1871இல், வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பதிவு பொலிஸில். வேலைக்காரர் ஒரு கைப்பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது எஜமான் அதில் நடத்தையைப் பற்றி எழுதுவார். எஜமானின் நடத்தையை எழுத இடமில்லை! பிறகு வந்த தொழிற்சட்டங்களும் வீட்டு வாசற்படியோடு நின்றுகொண்டன. 1941இன் சம்பளச் சபைகள் சட்டத்தின் பாதுகாப்பு வீட்டு வேலைக்குக் கிடைக்கவில்லை. 1958இன் ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். உள்நாட்டிலேயே தொழிலாளி என்று கணக்கில் வராத ஒருவரைத்தான் நாம் பின்னால் விமானத்தில் ஏற்றி அனுப்பினோம்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் கட்டடங்கள் எழும்பின. முதலில் போனவர்கள் ஆண்கள்: மேசன், தச்சன், சாரதி. 1977இல் ஜே.ஆர். அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அந்த வீடுகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது கொழும்பில் ஏஜென்சிகள் முளைத்தன. 1980இல் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் சட்டம் வந்தது. அது போதாமல் 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் போனது வீட்டு வேலைக்கு.

சட்டத்தில் ஏஜென்சிக்கு லைசன் இருக்கிறது, பலகை இருக்கிறது, கந்தோர் இருக்கிறது. ஆனால் ஊரில் வந்து கதவைத் தட்டுகிறவர் அந்தக் கந்தோர்க்காரர் இல்லை, சப்-ஏஜென்ட். அவர் எங்களில் ஒருவர்தான். சலாம் சொல்லி வருவார், யாருக்காவது நாநா முறையாக இருப்பார். எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் குமர் இருக்கிறது, எந்த மாப்பிள்ளை வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் கிராம சேவகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போட்டோ எடுப்பது, பாஸ்போட், மெடிக்கல் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பக்கத்து ஏஜென்சி இந்தப் பக்கத்து ஏஜென்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும், அதில் ஒரு பங்கு அவருக்கு. ஆண் போவதென்றால் அவன் காசு கட்ட வேண்டும். பணிப்பெண் போவதென்றால் அவள் கையிலேயே ஒரு தொகை வைக்கப்படும். "காசு கட்டத் தேவையில்லை, கையிலும் தருகிறார்கள்" என்ற அந்த ஒரு வசனத்தில்தான் எத்தனையோ வீடுகளில் முடிவு எடுக்கப்பட்டது. அங்கே போய் வேலை பிடிக்காமல் திரும்ப நினைத்தால், அந்தத் தொகையே கடனாக எழுந்து நிற்கும். கஃபாலா முறையில் விசாவும் கஃபீலின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். பாஸ்போட்டும் பெரும்பாலும் அவர் அலுமாரியில்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு 1990 ஒரு தனி அத்தியாயம். ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த இலங்கையர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். சம்பளம், சாமான், நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஈராக் வழியாக ஜோர்தானுக்கு வந்து, அங்கே கூடாரங்களில் கிடந்து திரும்பினார்கள். (பின்னாளில் ஐ.நா. நட்டஈட்டு ஆணைக்குழு மூலம் தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்று கிடைத்தது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு வீடு.) அந்தப் பெண்கள் வந்து மூச்சு விடுவதற்குள், அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களை எங்கள் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மொத்தம் எழுபத்தையாயிரம் பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள், பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. வலையும் வள்ளமும் காணியும் அங்கே. இங்கே ஆண்களுக்குக் கிடைத்தது உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் நாட்கூலி, அதற்கும் ஊர்க்காரரோடு போட்டி. ஓலைக் கொட்டில் முகாம்களுக்குள் சப்-ஏஜென்ட் நுழைந்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் மேடைகளில் மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் போவது பற்றிப் பேசாத ஆலிம் இல்லை. பேசியது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசியவர்கள் குறைவு.

மூதூர் ரிசானா நபீக்கின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது. பிறந்தது 1988 பெப்ரவரியில். பாஸ்போட்டில் எழுதப்பட்டது 1982. சுனாமி வந்து சில மாதங்களில், 2005 மே மாதம், பதினேழு வயதில் சவூதிக்குப் போனார். சில வாரங்களுக்குள் அவர் பராமரிப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவரை அவருக்கு ஒரு வக்கீல் இருக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. பாஸ்போட்டில் வயதைக் கூட்டிய குற்றத்துக்காக இரண்டு முகவர்களுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்தது இரண்டு வருடச் சிறை. பத்தாம் ஆண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, ஆறு வருடத்தைக் கூட்டி எழுத எத்தனை செக்கன் எடுத்திருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு அரசு எடுத்த நடவடிக்கை முகவரைவிடப் பெண்ணைத்தான் அதிகம் இறுக்கியது என்பது என் அபிப்பிராயம். 2013 நடுப்பகுதியில் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றானது. சவூதிக்குக் குறைந்த வயது அப்போது 25. கணவனின் சம்மதம் வேண்டியிருந்தது, பிரதேச செயலகத்தில் சிபாரிசு வேண்டியிருந்தது. பிள்ளைகள் உம்மம்மாவிடம் வளர்ந்து படிப்பில் பின்தங்குவதை வகுப்பறையில் தினமும் பார்க்கிற எனக்கு அந்தக் கவலை விளங்கும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் வாப்பா கட்டாருக்குப் போகும்போது யாரும் அறிக்கை கேட்கவில்லை. மேலும், கதவை மூடினால் ஜன்னலைக் காட்டுவதற்குத்தானே சப்-ஏஜென்ட் இருக்கிறார்? விசிட் விசா அந்த ஜன்னல். பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதி இல்லை, ஒப்பந்தமில்லை.

2022இல் நாடு வங்குரோத்தாகி, டொலர் தேவைப்பட்டபோது அதே அரசு வயதெல்லையை எல்லா நாடுகளுக்கும் 21 ஆக இறக்கியது. அதே ஆண்டு நவம்பரில், விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் கைமாற்றி விற்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அங்குள்ள நம் தூதரகத்தில் வேலை செய்த ஒரு அதிகாரியே கட்டுநாயக்காவில் வைத்துக் கைது செய்யப்பட்டார்.

இப்போது அந்த வீடுகளில் இரண்டாம் தலைமுறை போகத் தயாராகிறது. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வருமுன்னே போட்டோ எடுக்கப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல என்னிடம் மாற்று வேலை இல்லை. ஆகவே இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்: ஏஜென்சியின் லைசன் இலக்கம் என்ன? பணியகத்தில் அது இப்போதும் செல்லுபடியாகிறதா? விசாவில் என்ன எழுதியிருக்கிறது? விசிட் என்று இருந்தால் விமான நிலையத்துக்கே போகாதீர்கள். பாஸ்போட்டின் முதல் பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் போட்டோ பிடித்து வீட்டில் ஒருவரின் போனில் வைத்துவிட்டுப் போங்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போய் வந்த உம்மாமார், ராத்தாமார் வீட்டில் இருந்தால் அவர்களிடம் பழைய பாஸ்போட், ஒப்பந்தம், அங்கிருந்து எழுதிய கடிதம், பேசி அனுப்பிய கெசட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போடாமல் எனக்கு அறிவியுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.