புல்தரைக்கு வந்த இயந்திரம்

பனி ஈரம் காயுமுன் நீள்பிடி அரிவாளோடு ஆட்கள் வரிசையாக இறங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இங்கிலாந்தில் புல்தரை வைத்திருக்க அத்தனை கூலியாட்கள் வேண்டும். ஆகவே அது பணக்காரர்களின் சொத்தாகவே இருந்தது.

அதை மாற்றியது ஒரு துணி ஆலை. க்ளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பகுதியில், கம்பளித் துணியின் மேல் நீட்டி நிற்கும் இழைகளைச் சீராக வெட்ட, கத்திகள் சுற்றிய உருளை ஒன்று பயன்பட்டது. அதே உருளையைத் தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார் எட்வின் பட்டிங். 1830இல் காப்புரிமை பெற்றார். 19 அங்குல அகலம், இரும்புக் கனம். தள்ள ஒருவர் போதாமல், முன்னால் இழுக்க இன்னொருவரும் தேவைப்படலாம். ஆனாலும் கனவான்களுக்கு இது நல்ல உடற்பயிற்சி என்று காப்புரிமையிலேயே எழுதினார். அந்த நம்பிக்கை அழகானது!

பிறகு குதிரை இழுத்தது. குளம்புத்தடம் பதியாமலிருக்க அதற்குத் தோல் காலணி. 1890களில் நீராவி, 1902இல் ரான்சம்ஸ் நிறுவனத்தின் பெட்ரோல் இயந்திரம்.

மரத்தடியில் இவை எதுவும் நுழையவில்லை. 1971இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவுமிடத்தின் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, துளையிட்ட தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்து மோட்டாரில் சுழற்றினார். புல் அறுந்தது.

வீட்டுத் தோட்டத்துக்குக் கருவி தேடுபவர் இன்றும் இந்த இரண்டு யோசனைகளையும் சந்திக்கிறார். குட்டையாக, கம்பளம்போல் புல் வேண்டுமானால் பட்டிங்கின் உருளையே சிறந்தது; அது கத்தரிக்கோலைப் போல நறுக்குகிறது. வேலியோரத்துக்கு பல்லாஸின் நரம்பு.