வளாகத்தை விலைக்கு வாங்கிய பழைய மாணவர்கள்

பழைய மாணவர் சங்கம்னாலே நமக்குப் பிரியாணியும் குரூப் போட்டோவும்தான். ஒஹாயோவின் ஆன்டியாக் கல்லூரிக்காரர்கள் வேறு ரகம். 1853-இல் வகுப்பு தொடங்கிய கல்லூரி அது; கொரெட்டா ஸ்காட் கிங் படித்த இடம். அதிலிருந்து கிளைத்து வளர்ந்த பல்கலைக்கழகம், பணமில்லை என்று 2008-இல் தாய்க் கல்லூரிக்கே பூட்டுப் போட்டது.

வேலையிழந்த ஆசிரியர்கள் சிலர் விடவில்லை. தேவாலயம், காபிக் கடை, வீட்டுக் கூடம் என்று கிடைத்த இடத்தில் பாடம் நடத்தினார்கள். அதற்கு ‘நான்ஸ்டாப்’ என்று பெயர். செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் பழைய மாணவர்கள். அதோடு நிற்காமல் 2009-இல் சுமார் 60 லட்சம் டாலர் கொடுத்து வளாகத்தையே வாங்கிவிட்டார்கள்.

2011-இல் கல்லூரி மறுபடி திறந்தது. முதல் அணியில் 35 மாணவர்கள். ஆனால் காபிக் கடையில் பாடம் எடுத்தவர்கள் எல்லோருக்கும் அங்கே பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை.