மிளகு என்னும் பெயர்

கார்த்திகையில் தொடங்கி மார்கழிக் குளிரிலும் தொடர்கிற ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் சந்தைகளை நம்மில் பலரும் படங்களிலேயே கண்டிருப்போம். திறந்த சதுக்கத்தில் மரக்கடைகள், விளக்குச் சரங்கள், பனி. முற்றிலும் அயலான காட்சி என்றே தோன்றும். ஆயினும் அங்குள்ள பலகாரக் கடையொன்றில் நமக்குரிய பழைய சொல் ஒன்று காத்திருக்கிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கூடும் ஸ்ட்ரீட்செல் சந்தை 1434இல் தொடங்கியது. முதலில் அது பண்டிகைக்கு முன் ஒரே நாள் கூடிய சந்தை. நோன்பு முடித்து விருந்துக்கு வேண்டிய இறைச்சியை மக்கள் அங்கே வாங்கினர். பலகாரங்களும் பொம்மைகளும் பின்னர் வந்தவை. இன்று அங்கே விற்கப்படும் பண்டங்களுள் ஒன்று 'ப்ஃபெஃபர்கூஹன்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மிளகுக் கேக்'. தேனும் பட்டையும் கிராம்பும் சேர்த்துச் செய்யும் அதில் மிளகு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடல் கடந்து வந்த வாசனைப் பொருள் அனைத்தையும் இடைக்கால ஜெர்மானியர் 'மிளகு' என்றே அழைத்தனர்.

யவனர் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட செய்தியை அகநானூறு 149ஆம் பாடலால் அறிவோம். அதே மேற்குக் கரை மிளகு பிற்காலத்தில் அரபு வணிகர் கைமாறி வெனிஸ் சென்று, அங்கிருந்து ஜெர்மானிய நகரங்களை அடைந்தது. விளைவித்தவர் யார் என்பது வழியிலேயே மறைந்தது. சரக்கின் பெயர் மட்டும் எஞ்சியது.

இக்கேக்கிற்குப் புகழ்பெற்றது டிரெஸ்டனை அடுத்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூர். அங்கே 1558 முதல் இத்தொழில் நடந்துவருகிறது. அவ்வூரில் 1682இல் பிறந்தவர்தான், 1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு. அவர் காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றனர். மிளகு விளைந்த கரையின் பெயரையே சோழமண்டலக் கரையில் வாழ்ந்தோர்க்கும் இட்டனர். எல்லா வாசனைப் பொருளும் மிளகானது போல, தமிழரும் மலபாரியர் ஆயினர்.

ஆனால் சீகன்பால்கு பெயரோடு நின்றுவிடவில்லை. மணலில் எழுதிப் பழகித் தமிழ் கற்றார். திருக்குறள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி 1708இல் ஒரு பட்டியல் எழுதினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். அவர் பட்டியலின் தலைப்பிலும் 'மலபார்' என்றே உள்ளது; உள்ளே இருப்பதோ தமிழ். அவர் சமயப் பணிக்காகவே வந்தவர். அந்நோக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். பெயருக்குப் பின்னால் மனிதரையும் நூலையும் தேடினார் என்பதை மறுக்க இயலாது.

நைனார்பாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நம் கண்கள் கல்வராயன் மலையை நோக்குகின்றன. அங்கிருந்து சாமையும் புளியும் கடுக்காயும் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. அவற்றைச் சுமந்துவரும் பழங்குடியினரின் பெயர் 'மலையாளி'. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். எனினும் கேட்போர் பலர் அவர்களைக் கேரளத்தவராகவே எண்ணிவிடுகின்றனர்.

ஐரோப்பியர் நம்மை மலபாரியர் என்றதைக் கேட்டு இன்று நாம் நகைக்கிறோம். புளிக்கு விலை பேசும் நாம், அதைக் கொண்டுவந்தவரிடம் எந்த ஊர் என்றேனும் கேட்டிருக்கிறோமா?