ஒன்றுக்கு இரண்டு: மட்டாஞ்சேரியில் எச்.டி. தொலைக்காட்சியும் மொழிகளும்

மிளகு வணிகமும் துறைமுகமும் கொணர்ந்த மக்கள் நிலைத்து வாழ்வதால், மட்டாஞ்சேரி சிறு பரப்புக்குள் பல மொழிகள் வழங்கும் ஊராயிற்று. செரளாயிப் பகுதியில் கொங்கணி, குஜராத்தி வீதியில் குஜராத்தியும் கச்சியும், அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் வண்ணார் குடும்பங்களின் தமிழ், எல்லோருக்கும் பொதுவாக மலையாளம். எச்.டி. எனப்படும் உயர் தெளிவுத் தொலைக்காட்சியின் வரலாற்றை இத்தகைய ஊரிலிருந்து நோக்கினால், அது படத் துல்லியத்தின் வரலாறாக மட்டுமின்றி, மொழிகளுக்கான இடப்பங்கீட்டின் வரலாறாகவும் விளங்கும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இவ்வாய்வைத் தொடங்கியது. கோடுகளைப் பெருக்குவதோடு, பார்வைப் புலத்தை நிரப்பும் அகன்ற படத்தைத் தருவதும் அதன் நோக்கம். திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தொலைவில் அமர்ந்து காண்பதற்கெனவே எச்.டி. வகுக்கப்பட்டது. வழக்கமான எஸ்.டி. படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள்; முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு.

கேரளத்தில் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரி 1 அன்று தொடங்கியது. 1993இல் சன் டி.வி.யும் ஏசியாநெட்டும் வந்தன. அக்காலக் கேபிளில் ஒரே மாதக் கட்டணம். வந்தவை அனைத்தும் எல்லா வீடுகளுக்கும் வந்தன. எந்த மொழிக்கு இடம் என்பதைத் தெருவை அறிந்த கேபிள்காரரே பெரும்பாலும் முடிவு செய்தார். 2010 அக்டோபரில், டெல்லி காமன்வெல்த் விளையாட்டுகளின்போது, தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது. சன் டி.வி.யின் எச்.டி. வடிவம் 2011இலும் ஏசியாநெட்டினுடையது 2015இலும் வந்தன. 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, கொச்சி போன்ற நகரங்களில் கேபிளை டிஜிட்டலாக்க 2015 டிசம்பர் 31 இறுதி நாளாக வைக்கப்பட்டது. செட் டாப் பாக்ஸ் வந்தபின், தெருவுக்கு எனச் செய்யப்பட்ட தெரிவு வீட்டுக்கு வீடு தனித்தனியாயிற்று.

இங்குதான் மொழிச் சிக்கல் எழுகிறது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வெளியிட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணை, 100 எஸ்.டி. அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணத்துக்கு, வரி நீங்கலாக, 130 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அந்தக் கணக்கில் ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டு எஸ்.டி. அலைவரிசைகளுக்குச் சமம். தூர்தர்ஷனின் கட்டாய அலைவரிசைகளும் அந்த நூறுக்குள் அடக்கம். 20 எச்.டி. அலைவரிசைகளைத் தேர்ந்த வீட்டில் 40 இடங்கள் நிரம்பிவிடும். எஞ்சிய 60க்குள் கட்டாயமானவை போக மிஞ்சுவதே விருப்பத் தெரிவுக்கு உரியது. ஒரே மொழி பேசும் வீட்டுக்கு இது பெரிய இழப்பன்று. வீட்டில் ஒரு மொழியும் கடையில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசுவோருக்கோ, தெளிவுக்கும் மொழிக்கும் இடையிலான போட்டியாக அது அமைந்தது. நூறைத் தாண்டினால் கூடுதல் கட்டணம்.

அவ்வாறு விட்டுக்கொடுத்துப் பெற்ற தெளிவு கண்ணுக்குப் புலப்பட்டதா என்பது அடுத்த வினா. 32 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். எனவே உரிய தொலைவு 1.2 மீட்டர். இயல்பான கண்ணின் பகுதிறனைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு அப்பால் அத்திரையில் எஸ்.டி.யின் கோடுகளே பிரித்தறிய இயலாதவை. அவ்வளவு தள்ளி அமர்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு எச்.டி.யின் கூடுதல் புள்ளிகளால் பெரும் பயனில்லை. மாறாக, எவ்வளவு தள்ளி அமர்ந்தாலும் தெரிவது வேறொன்று: 4:3 அளவில் எடுத்த பழைய படங்கள் 16:9 திரையில் இழுபட்டு, முகங்கள் அகன்றுபோவது.

2020இல் டிராய் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என மாற்றி, கட்டாய அலைவரிசைகளையும் கணக்கிலிருந்து விலக்கியது, நெருக்கடி தணிந்தது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் எந்தெந்த வீடுகள் எந்தெந்த மொழிகளைக் கைவிட்டன என்பது ஆய்வுக்குரியது. அதற்கான சான்று, 2019இல் சந்தாதாரர்கள் குறியிட்டுக் கொடுத்த அலைவரிசைத் தெரிவுப் படிவங்களிலும் மாத ரசீதுகளிலும் உள்ளது. ஆவணக் காப்பகங்கள் அவற்றைத் தேடிச் சேர்ப்பதில்லை; கேபிள் அலுவலகங்களின் அலமாரிகளில் இருப்பவை பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டால், ஒரு பன்மொழி ஊரின் அண்மைக்கால மொழி வரலாற்றில் ஒரு பக்கம் மீட்க இயலாதபடி அழிந்துவிடும்.